ஐந்தாவது பை

டிரிப்ஸில் துளிகள் சீராக விழவில்லை. இரண்டு விழுந்து, சற்று நின்று, பிறகு ஒன்று. மத்தியான வெயில் ஜன்னலில் காய, மருந்து நெடி மண்டிய அந்தத் தனியறையில் பஸ் கண்டக்டர் அதையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். அவளுடைய அக்கா கதவைத் தட்டுவது இப்படித்தான். திறக்கும்வரை பொறுமையாக நிற்பாள். உள்ளே வந்துவிட்டால் பீரோச் சாவி வரை அவள் கைக்குப் போய்விடும்.

தங்கையின் இரத்தப் புற்றுநோய்க்குத் தன் நோய் எதிர்ப்பு அணுக்களைக் கொடுத்தவளும் அந்த அக்காதான். ஐந்து பைகளில் உறைய வைத்தார்கள். கொடுத்த ஆறாம் நாள் அக்கா லாரி மோதிச் செத்துப்போனாள். நான்கு பைகள் ஏறியதில் நோய் பாதிக்கு மேல் ஒழிந்தது. ஆனால் தங்கையின் இடது கை, இடக்கைக்காரி அக்காவைப் போல, போர்வையை நான்காக மடிக்கத் தொடங்கியிருந்தது.

நர்ஸ் கடைசிப் பையை மாட்டினாள். "பயமா இருந்தா டாக்டர்கிட்ட பேசலாம். ஆனா இது ஏறாம மிச்ச நோய் போகாது."

"பயந்தான். இருந்தாலும் ஏத்து. என் பொண்ணு வாசலையே பார்த்துக்கிட்டிருப்பா. உள்ள வர்ற அக்கா படியில நிக்கட்டும், சீட் என்னோடது."

பையைத் திறக்குமுன் நோயாளி தன் எண்ணைச் சொல்ல வேண்டும்.

"நாலு ஏழு ஒண்ணு" என்றாள். அதே வாய், தழைந்த குரலில் தொடர்ந்தது. "ரெண்டு பூஜ்யம் ஆறு."

நர்ஸ் பையைத் திருப்பி லேபிளைப் பார்த்தாள். "இது கொடுத்தவங்க நம்பராச்சே. உங்களுக்கு யார் சொன்னா?"

"நாலு ஏழு ஒண்ணு. அதை மட்டும் எழுது."

"டாக்டரைக் கூட்டிட்டு வரேன். எதையும் தொடாதீங்க."

கதவு சாத்திக்கொண்டது. ஏ.சி.யின் முனகல். அக்காவின் பவுடர் வாசனை. விலா எலும்புக்குள் தட்டல். இரண்டு. இடைவெளி. ஒன்று.

"நான்தான் திறக்கணும்" என்றாள். "நீ இல்ல."

இடது கை எழுந்தது. வலது கையால் மணிக்கட்டைப் பிடித்தாள். நழுவியது. குழாயை அடைத்திருந்த சிறு சக்கரம் சுழன்று திறந்தது. குளிர் தோள்வரை ஏறியது.

"கொஞ்சம் உள்ள நகர்ந்துக்கோ" என்றது அவள் வாய்.

நகர மாட்டேன் என்று கத்தினாள். சத்தம் வரவில்லை. உதடுகள் சிரித்தன. இரண்டு கைகளும் நிதானமாகப் போர்வையை நான்காக மடித்தன.

உள்ளேயிருந்து அவள் தட்டத் தொடங்கினாள். பொறுமையாக அல்ல. ஓடும் பஸ்ஸை நிறுத்தத் தகரத்தில் அறைவதுபோல, விடாமல்.