பென்சன் வாங்கிய கல்

காளியம்மா அத்தை கற்பூரம் இல்லாமல் வாசற்படி தாண்ட மாட்டார். கடைக்குப் போனாலும் சரி, கல்யாணத்துக்குப் போனாலும் சரி, இடுப்பில் ஒரு சுருக்குப்பை தொங்கும். அதற்குள் கற்பூரம், மஞ்சள்பொடி, குங்குமம், தீப்பெட்டி, ஒரு சின்னக் குப்பியில் எண்ணெய் எல்லாம் இருக்கும்.

“சாமி எங்கே எதிர்ப்படும்னு யாருக்குத் தெரியும்?” என்பார்.

அந்தச் சுருக்குப்பையால்தான் அன்று வந்தது வினை!

அன்று காணும் பொங்கல். ரங்கூன் ரயில்வே லைன் வீடுகளில் இருந்த தமிழ்க் குடும்பங்கள் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு ரயில் ஏறின. மாவ்பியில் இறங்கி, மாட்டு வண்டி பிடித்து, ஒரு குன்றின்மேல் இருந்த பழைய கோட்டையைப் பார்க்கப் போனார்கள். எந்தக் காலத்திலோ ஒரு பர்மிய ராஜா கட்டிய கோட்டை அது. இப்போது அங்கே ராஜாவும் இல்லை, ராணியும் இல்லை. அவர்கள் விட்டுப்போன பொருள்களை எல்லாம் வைத்து அதைக் காட்சிசாலை ஆக்கியிருந்தார்கள்.

“மெட்ராசுல செத்த காலேஜ்னு சொல்வாங்களே, அதுவா?” என்று கேட்டார் காளியம்மா அத்தை.

“அதேதான் அத்தே. ஆனா இது மலைமேல இருக்கு” என்றாள் கனகா.

கனகாவுக்குப் பத்து வயது. தமிழும் பேசுவாள், பர்மிய மொழியும் பேசுவாள். தெருவில் யாருக்கு எது புரியாவிட்டாலும், “கனகாவைக் கூப்பிடு” என்பார்கள். அவளுடைய தம்பி மாரிச்சாமிக்கு ஐந்து வயது. அவன் எந்த மொழியில் பேசினாலும் கேள்வியாகத்தான் பேசுவான்.

ஆண்கள் எல்லோரும் வெளியே மாமர நிழலில் பாய் விரித்து, அடுப்பு மூட்டித் தேநீர் போட ஆரம்பித்தார்கள். காளியம்மா அத்தையின் கணவர் தங்கவேலு மாமா மட்டும் பாயைக் கண்டதும் படுத்துவிட்டார். ரயில்வேயில் பென்சன் வாங்கிய நாளிலிருந்து அவருக்குத் தூக்கந்தான் உத்தியோகம்.

பெண்களும் பிள்ளைகளும் உள்ளே போனார்கள். வாசலில் காவலர் ஊ சான் டுன் சிரித்த முகத்தோடு நின்றிருந்தார். கனகா அவரை “ஊலே” என்று அழைத்தாள். பர்மாவில் மாமாவை அப்படித்தான் அழைப்பார்கள்.

“வா, தமீ” என்றார் அவர், மகளை அழைப்பதுபோல. பிறகு பர்மிய மொழியில் தணிந்த குரலில் சொன்னார். “உங்கள் ஆட்களிடம் ஒன்று சொல்லிவிடு. எதையும் தொடக் கூடாது. போன மாதம் யாரோ சிம்மாசனத்தில் தன் பெயரைக் கீறிவிட்டுப் போய்விட்டான். இன்னொரு தடவை ஏதாவது ஆனால் என் வேலை போய்விடும் என்று எங்கள் வெள்ளைக்காரத் துரை சொல்லியிருக்கிறார். இன்று மத்தியானம் அவர் வருகிறார். எனக்கு வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது, தமீ.”

கனகா அதை எல்லோருக்கும் தமிழில் சொன்னாள்.

“ஐயோ பாவம், நாங்க ஏன் தொடப்போறோம்?” என்று எல்லோரையும்விடப் பலமாகத் தலையாட்டியவர் யார் தெரியுமா? காளியம்மா அத்தைதான்.

உள்ளே பெரிய சிம்மாசனம் ஒன்று இருந்தது. தங்கப்பூச்சும் சிங்க முகமுமாக அது ஜொலித்தது. எல்லோரும் அதைச் சூழ்ந்துகொண்டார்கள். ஊலே சொல்லச் சொல்ல, கனகா தமிழில் சொல்லிக்கொண்டிருந்தாள். ராணி எந்தப் பக்கம் உட்காருவாள், யானைமேல் எப்படி ஏறுவாள் என்று பெண்கள் கேட்ட கேள்விகளுக்கு அளவே இல்லை.

கொஞ்ச நேரம் கழித்துப் பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது.

“உலுலுலுலூ!”

குலவைச் சத்தம்! கனகா திரும்பிப் பார்த்தாள்.

அறையின் மூலையில் மணல் பரப்பிய மேடைமேல் ஓர் உருண்டையான கருங்கல் இருந்தது. அதன் தலையில் ஒரு சாமந்திப் பூ. நெற்றியில், அதாவது நெற்றி இருக்க வேண்டிய இடத்தில், பெரிய குங்குமப் பொட்டு. உடம்பெல்லாம் எண்ணெயும் மஞ்சளும். முன்னால் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. காளியம்மா அத்தை கண்ணை மூடிக் கும்பிட, அவர் பின்னால் பெண்கள் குலவையிட்டார்கள்.

ஊலே ஓடி வந்தார். “இல்லை! வேண்டாம்!” என்று தனக்குத் தெரிந்த இரண்டே தமிழ்ச் சொற்களையும் கத்தினார். அவர் ஊதி அணைக்கப் போனபோது பெண்கள் பதறிவிட்டார்கள்.

“ஏ! எரியுற கற்பூரத்தை ஊதுறாரே! அபசாரம், அபசாரம்!”

ஊலே கனகாவைப் பார்த்தார். அவர் உதடு நடுங்கியது. பெரியவர் ஒருவர் அழப்போகிறார் என்று தெரிந்ததும் கனகா பெண்களுக்கு நடுவே புகுந்தாள்.

“யாரு இதுக்குப் பூ வச்சது?” என்று கேட்டாள்.

“நான்தான் அக்கா” என்றான் மாரிச்சாமி. “எல்லாரும் அந்த நாற்காலியையே பாத்தீங்க. இது பாவம், தனியா இருந்துச்சு. அதான் என் பூவைக் குடுத்தேன்.”

அடடா! விஷயம் இவ்வளவுதான். கனகா நிம்மதியாக மூச்சுவிட்டாள்.

“அத்தே, இது சாமி இல்ல. மாரிதான் விளையாட்டாப் பூ வச்சிருக்கான்.”

அத்தையின் கண்கள் விரிந்தன. “பச்சைப்புள்ள கையால பூ வாங்கிக்கிட்டாரா! பெரிய சாமிதான்!” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். மறுபடியும் குலவை கிளம்பியது.

கனகா ஊலேயிடம் அவசரமாக, “இது நிஜமாகவே என்ன கல்?” என்று பர்மிய மொழியில் கேட்டாள்.

“சண்டைக் காலத்தில் எதிரிகள் குன்றில் ஏறி வந்தால், மேலிருந்து அவர்கள்மேல் உருட்டிவிடும் கல்.”

கனகா அதையும் அத்தையிடம் சொன்னாள்.

“எதிரியை விரட்டின கல்லா? பாத்தீங்களாடி! காவல் சாமியேதான்! எடு இன்னொரு கற்பூரம்!”

உண்மையைச் சொல்லச் சொல்ல நிலைமை மோசமாகிக்கொண்டே போனால், பாவம், சின்னப் பெண் என்ன செய்வாள்?

கத்தலாமா? அத்தைக்கு ஆவேசந்தான் கூடும். “உங்களுக்கு ஒண்ணும் தெரியாது” என்று சொல்லிவிடலாமா? கனகாவுக்கு மனம் வரவில்லை. அவளுக்கு அம்மை போட்டபோது பக்கத்திலேயே உட்கார்ந்து வேப்பிலையால் வீசியவர் இந்த அத்தை. அத்தையையும் புண்படுத்தக் கூடாது, ஊலேயின் வேலையும் போகக் கூடாது. அவள் கல்லைப் பார்த்தாள். அத்தையைப் பார்த்தாள். சன்னல் வழியாக மாமாவின் குறட்டை கேட்டது.

“அத்தே” என்றாள் மெதுவாக. “காவல் சாமி வீட்டுக்குள்ளயா இருப்பாரு?”

“அதெப்படி இருப்பாரு? ஊர் எல்லையிலதானே நிப்பாரு.”

“இவரு உள்ள, நிழல்ல, மணல் மெத்தையில இருக்காரே?”

அத்தை யோசித்தார். “அதானே! ஏன் அப்படி?”

“ஏன்னா இவரு வேலையெல்லாம் முடிச்சிட்டாரு. எத்தனை எதிரியை விரட்டியிருப்பாரு! இப்ப ஓய்வா உக்காந்திருக்காரு. நம்ம தங்கவேலு மாமா மாதிரி இவரும் பென்சன் வாங்கிட்டாரு அத்தே.”

யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். அத்தை சிரிக்கவில்லை. சன்னல் பக்கம் திரும்பிக் குறட்டையைக் கேட்டார்.

“பென்சன் வாங்கின ஆளைத் தூக்கத்துல எழுப்பினா என்ன ஆகும் அத்தே?”

“ஐயையோ! ஆகாசத்துக்கும் பூமிக்கும் குதிப்பாரே!” என்றார் அத்தை. சட்டென்று குரலைத் தாழ்த்திக்கொண்டார். “அடியே, குலவை போடாதீங்கடி. மெல்லப் பேசுங்க.”

கனகா விடவில்லை. ஊலேயிடம், “இந்தக் கோட்டைக்குக் காவல் தெய்வம் உண்டா?” என்று கேட்டாள். பின்வாசல் ஆலமரத்தடியில் பர்மாக்காரர்கள் கும்பிடும் ஒரு நாட் சாமி இருப்பதாக அவர் சொன்னார்.

கனகா அதைத் தமிழில் சொன்னதும், “அங்க தேங்காய் வப்பாங்களா?” என்று கேட்டார் அத்தை.

“சிவப்புத் துணி கட்டி வப்பாங்களாம் அத்தே.”

“தேங்காயும் சிவப்புத் துணியுமா? நம்ம சாமியேதான்!”

துவையலுக்கு வைத்திருந்த தேங்காயோடு அத்தை புறப்பட்டார். ஊர்வலம் பின்வாசலுக்குப் போனது. அங்கே குலவை வானத்தைத் தொட்டது. அது யாருக்கும் தொந்தரவாக இல்லை.

ஆனால் கல்? அது இன்னும் மஞ்சளும் எண்ணெயுமாகவே இருந்தது. கனகா அத்தையின் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

“அத்தே, துரை வந்து பாத்தா ஊலேயோட வேலை போயிடும். அவரு வீட்டுல கைக்குழந்தை இருக்கு. நாமதானே பூசினோம்?”

காளியம்மா அத்தையின் முகம் வாடிவிட்டது. “அட பாவி மனுசி, நான் அதை மறந்தே போனேனே!” என்று தலையில் அடித்துக்கொண்டார். பிறகு சேலையை இழுத்துச் செருகினார். “வாங்கடி எல்லாரும்! அடுப்புச் சாம்பலை அள்ளுங்க. தேங்காய் நாரை எடுங்க. தண்ணி கொண்டாங்க!”

ரயில்வே லைன் பெண்கள் பாத்திரம் தேய்த்துப் பழகியவர்கள். சாம்பலும் நாருமாக அவர்கள் தேய்த்த தேய்ப்பில் கற்பூரக் கரி போனது, குங்குமம் போனது, எண்ணெயும் போனது. ஊலே வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்தார். கனகாவும் மாரியும் மேடையில் புது மணல் பரப்பினார்கள்.

கடைசி வாளியை எடுக்கும்போதே துரை உள்ளே வந்துவிட்டார். சிம்மாசனத்தைச் சுற்றி வந்தார். மூலைக்கு வந்ததும் நின்றார். குனிந்து கல்லை விரலால் தடவி, அந்த விரலை முகர்ந்து பார்த்தார்.

“இது ஏன் ஈரமாக இருக்கிறது? ஏன் மஞ்சள் வாசனை?” என்று தடுமாறும் பர்மிய மொழியில் கேட்டார்.

ஊலே கனகாவைத் திரும்பிப் பார்த்தார். அவள் முன்னால் வந்தாள்.

“இன்று எங்கள் பண்டிகை. தெரியாமல் நாங்கள் இதற்கு மஞ்சள் பூசிவிட்டோம். ஊலே தடுத்தார், நாங்கள்தான் கேட்கவில்லை. பிறகு நாங்களே கழுவிவிட்டோம். தப்பு எங்களுடையது, அவருடையது இல்லை.”

துரை அவளைப் பார்த்தார். சாம்பல் கையோடு நின்ற பெண்களைப் பார்த்தார். அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். துரை கல்லை மறுபடி ஒரு முறை சுற்றிப் பார்த்தார். ஒரு கீறல்கூட இல்லை.

“ஊ சான் டுன்” என்றார். “அடுத்த பண்டிகைக்குள் இதைச் சுற்றி ஒரு கயிறு கட்டிவிடு.”

அவ்வளவுதான். கிளம்பிவிட்டார்.

ஊலே நின்ற இடத்திலேயே நின்றார். “அடுத்த பண்டிகைக்கும் நான் இங்கே இருப்பேன், தமீ” என்று கனகாவிடம் சொல்லும்போது கண்ணீரும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

விஷயம் தெரிந்ததும் காளியம்மா அத்தை ஆலமரத்துப் பக்கம் திரும்பிக் கும்பிட்டார். “தேங்காய் உடைச்ச கையோட சாமி கண்ணைத் திறந்துட்டாரு, பாத்தியா?”

“ஆமாம் அத்தே” என்றாள் கனகா.

எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது ஊலே தன் வீட்டிலிருந்து பச்சைத் தேநீர் கொண்டு வந்தார். பர்மாவில் பெரியவர்களுக்கு எதையாவது கொடுக்கும்போது, இடது கையால் வலது முழங்கையைத் தொட்டுக்கொண்டுதான் கொடுப்பார்கள். அதுதான் மரியாதை. சின்னப் பிள்ளைகளுக்கு யாரும் அப்படிக் கொடுப்பதில்லை.

ஊலே முதல் கோப்பையை நிரப்பினார். அத்தையைத் தாண்டினார், தங்கவேலு மாமாவைத் தாண்டினார். இடது கையால் வலது முழங்கையைத் தொட்டுக்கொண்டு, கொஞ்சம் குனிந்து, அதைக் கனகாவிடம் நீட்டினார்.