விளிம்பு வரை எழுதிய சிடி

தம்பியின் செருப்பு அறை வாசலிலேயே கிடந்தது.

அதுதான் அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. வீட்டை விட்டுப் போகிறவன் செருப்பைப் போட்டுக்கொண்டு போகமாட்டானா? ஃபோன் மேஜையில், பர்ஸ் சட்டைப் பையில், சட்டை ஆணியில். சண்டை போட்ட மறுநாள் ஆளை மட்டும் காணோம். எல்லாம் நாடகம். வெறுங்காலோடு போனால் வீடே பதறும் என்று திட்டம் போட்டிருக்கிறான், ராஸ்கல்.

அங்கே அம்மா ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு அடம் பிடிக்கிறாள். "சின்னவன் மூஞ்சியப் பாக்காம ஆபரேஷனுக்குப் போகமாட்டேன்." நாளைக் காலையைத் தாண்டினால் தனக்குப் பொறுப்பில்லை என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். அதற்குள் அவன் எங்கே ஒளிந்திருக்கிறான் என்று தெரிந்தாக வேண்டும்.

அறைக்குள் இரண்டு கம்ப்யூட்டர்கள். புதியதற்குப் பாஸ்வேர்டு. பழையதில் லினக்ஸ், பாஸ்வேர்டு இல்லை, யார் வேண்டுமானாலும் உட்காரலாம். வெளியே மழை கொட்டியதில் மதியமே இருட்டிக் கிடந்தது. மூடிய ஜன்னலுக்குள் சூடேறிய பிளாஸ்டிக் வாசனையும் துவைக்காத தலையணை உறையின் எண்ணெய் வாசனையும் தேங்கியிருக்க, அண்ணனின் உடம்பைத் தாங்க முடியாமல் தம்பியின் சுழல் நாற்காலி ஒவ்வொரு அசைவுக்கும் கிறீச் கிறீச்சென்று முனகியது.

தம்பியின் சிநேகிதன் ஒரு ரிப்பேர்க்காரன். எல்லோருக்கும் அவன் 'ஸ்க்ரூ'. ஃபோனில் வழி சொன்னான்.

"பாஸ்வேர்டே வேணாண்ணே. பழசுல உக்காந்து ஒரு பூட் சிடி எழுதுங்க. புதுசுல அதப் போட்டு ஆன் பண்ணா சிடியிலேருந்தே கிளம்பிடும். உள்ள இருக்கிறத எல்லாம் தொறந்து பாத்துடலாம்."

"சிடியில எழுதற இமேஜ் ஃபைல் ஒண்ணு அவனே இறக்கி வச்சிருக்கான். அதையே எழுதிடறேன்."

"ஐயோ, வேணாம். புதுசா இறக்குங்க. இல்ல, செக்சம் நம்பரையாவது சரிபாருங்க. ஃபைல்ல எவனாவது கை வச்சிருந்தா அந்த நம்பர் மாறியிருக்கும்."

"எனக்கே பாடம் எடுக்கிறியா? உன்னையும் சேத்துதான்டா உதைக்கணும்." லைனை வெட்டினான்.

புதியதின் சிடி தட்டைத் திறந்தான். அதில் ஏற்கெனவே ஒரு சிடி. எழுதிய இடம் மட்டும் நிறம் கறுத்து வளையமாகத் தெரியுமே, இதில் நடு ஓட்டையிலிருந்து விளிம்பு வரை கறுப்பு. நூலளவு வெள்ளி மிச்சமில்லை.

"வேலைக்குப் போடான்னா சிடி எழுதிக் கிழிச்சிருக்கான்!"

இரண்டு கட்டைவிரலையும் நடுவில் கொடுத்து வளைத்தான். வளைந்தது. இன்னும் வளைந்தது. படாரென்று இரண்டானது. புறங்கையில் வெதுவெதுப்பாக ஏதோ தெறித்தது. ரத்தம். விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். எங்கும் ஒரு கீறல்கூட இல்லை. சட்டையில் துடைத்துக்கொண்டு துண்டுகளைக் குப்பைக்கூடையில் வீசினான்.

பழையதில் உட்கார்ந்து எழுதிய முதல் வெற்று சிடி பாழ். ஃபைலை அப்படியே காப்பி செய்துவிட்டான். அது கிளம்பவே இல்லை. இரண்டாவதில் 'இமேஜாக எழுது' என்ற பொத்தானைத் தேடிப் பிடித்தான். செக்சம் பொருந்தவில்லை என்று ஒரு சிவப்புப் பெட்டி எழுந்தது. "போடா" என்று அதை மூடினான். டிரைவ் உறுமிச் சுழன்று எழுதி முடித்தது. எடுத்துப் பார்த்தான். நடுவில் ஒரு விரல் அகலத்துக்குக் கறுத்த வளையம்.

புதியதில் போட்டு ஆன் செய்தான். கறுப்புத் திரை. மூலையில் ஒரு வெள்ளைக் கோடு மினுக் மினுக்கென்றது. அவ்வளவுதான்.

"எங்கடா போய்த் தொலைஞ்ச, நாயே!" மேஜையைக் குத்தினான். டிரைவ் உள்ளே சட்டென்று வேகம் பிடித்தது. யாரோ பல்லுக்கிடையில் மூச்சை இழுப்பது போல ஒரு சத்தம். பிறகு தட்டு தானாக வெளியே வந்தது.

வளையம் இரண்டு விரல் அகலம்.

அந்த டிரைவுக்குப் படிக்க மட்டும்தான் தெரியும். எழுதத் தெரியாது. பார்த்த கண்ணில்தான் கோளாறு என்று மறுபடி தள்ளினான். திரையில் இப்போது எழுத்து வந்தது.

எங்கடா போய்த் தொலைஞ்ச, நாயே.

கீழே அடுத்த வரி. உன்னையும் சேத்துதான்டா உதைக்கணும். அதற்குக் கீழே, அன்றைய சண்டையில் அவன் கத்தியது ஒவ்வொன்றாக, ஒரு சொல் விடாமல், மேலேறிக்கொண்டே இருந்தது. இதையெல்லாம் எப்போது சொன்னேன்? எதற்காக அந்தச் சண்டை? யோசித்தான். நினைவில் அந்த இடம் துடைத்துவிட்டதுபோல் வெறுமையாக இருந்தது. கோபம் மட்டும் இருந்தது, காரணம் இல்லாமல்.

"நிறுத்துடா!"

கத்தக் கத்த அது வேகமாகச் சுழன்றது. மின்சார வயரைப் பிடுங்கினான். திரை அணையவில்லை. தட்டு வந்தது. வளையம் விளிம்பை நெருங்கியிருந்தது. தட்டு உள்ளே போனது. அவன் தள்ளவில்லை.

கால் மரத்துப் போயிருந்தது. பிறகு முழங்கால். எழப் பார்த்தான். உடம்பை முன்னும் பின்னும் ஆட்டினான்.

நாற்காலி முனகவில்லை.

திரையில் கடைசியாக ஒரு வரி. இது அவன் வாய்விட்டுச் சொல்லாதது.

கையில் ரத்தம். கீறல் இல்லை.

குப்பைக்கூடையைப் பார்த்தான். அதன் அடியிலிருந்து கறுப்பாக ஒரு கோடு தரையில் ஊர்ந்து, செருப்பு கிடந்த வாசலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. கூடைக்குள் இரண்டு துண்டுகள். ஒரு துண்டு இன்னும் துடித்தது.

"தம்பி..."

குரல் வரவில்லை. சுழற்சிதான் வந்தது. இருட்டு. சூடு. சுற்று. சுற்று. சுற்று.

எங்கோ மேலே கதவு திறந்தது.

"என்னங்க?" மனைவியின் குரல். "டாக்டர் ஃபோன் மேல ஃபோன் போடுறாரு. அத்தை தனியாக் கெடக்காங்க... எங்க போனாரு இந்த மனுஷன்?"

இங்கேதான். இங்கேதான்டி.

"ரெண்டு பேரு செருப்பும் வாசல்ல கெடக்கு. செருப்பக்கூடப் போடாம! அண்ணனுக்கும் தம்பிக்கும் நல்ல ஒத்துமை. நடிங்க, நல்லா நடிங்க. நான் ஒருத்தி சாகறேன் இங்க."

தட்டு நகர்ந்தது. வெளிச்சம் கண்ணைக் கொத்தியது. எவ்வளவு பெரிய விரல்கள்.

"விளிம்பு வரைக்கும் எழுதி வச்சிருக்காரு. அத்தன வேலைய விட்டுட்டு! எல்லாம் இந்த எழவெடுத்த சிடியாலதான்..."

அவளுடைய இரண்டு கட்டைவிரல்களும் அவன் நடுமுதுகில் வந்து அழுந்தின.

வளைந்தான்.

இன்னும் வளைந்தான்.