கொம்பை மடித்துவைத்த வண்டு

"என் பிழைப்புல மண்ணைப் போட்டுட்டாங்க ஐயா!" என்று துப்பறிவாளர் முன் வந்து நின்றாள் கம்பளம் பழுதுபார்க்கும் அம்மாள். அவள் தைத்துக் கொடுத்த அருங்காட்சியகக் கம்பளம் அரித்துப்போயிருந்தது. பூச்சி அவள் பட்டறையிலிருந்துதான் வந்தது என்று ஊழியர்கள் அத்தனை பேர் முன்னிலையிலும் காப்பாளர் சொல்லிவிட்டார். அதன்பின் ஒருவரும் அவளிடம் வேலை கொடுப்பதில்லை.

மேசையில் இரண்டு குப்பிகளை வைத்தாள். ஒன்றில் அவள் பட்டறையில் பிடித்த வண்டுகள். மற்றதில், அருங்காட்சியகத்தில் இறந்த பறவைகளைப் பதப்படுத்திப் பாடம்செய்யும் ஊழியர் கம்பளத்திலிருந்து எடுத்ததாகச் சொன்னவை. இரண்டுமே கடுகளவு, கன்னங்கரேல்.

துப்பறிவாளருடைய மாப்பிள்ளை சரியான முந்திரிக்கொட்டை. "ரெண்டும் ஒண்ணுதான் மாமா!" என்றான்.

"கொஞ்சம் பொறுங்க மாப்பிள்ளை." மாமா உருப்பெருக்கியை நகர்த்தினார். "பட்டறை வண்டு நீளம், உடம்பெல்லாம் மெல்லிய முடி. இது உருண்டை. கவுத்துப் பாருங்க, மார்புக்கு அடியில ஒரு பள்ளம். உணர்கொம்பை மடிச்சு அதுக்குள்ள வெச்சிருக்கு. ரெண்டும் கம்பள வண்டுதான், ஆனா வேற வேற இனம்."

"அடேயப்பா!" மாப்பிள்ளை வாயைப் பிளந்தான். இத்தனூண்டு உடம்பில் இப்படியொரு வேலைப்பாடா!

அந்த அம்மாளும் குனிந்து பார்த்தாள். "கம்பளத்தைத் தின்ன கழுதை! ஆனா சும்மா சொல்லக்கூடாது, கொம்புக்கு அளவெடுத்து உறை தெச்ச மாதிரி இருக்கு."

மாமா ஊசிமுனையால் கொம்பை நிமிர்த்தினார். பள்ளத்துக்குள் வெள்ளையும் மஞ்சளுமாய்ச் சில துணுக்குகள் ஒட்டியிருந்தன. மாப்பிள்ளைக்கு ஒன்றும் விளங்கவில்லை. மாமாவோ செருப்பை மாட்டி, இருவரையும் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அருங்காட்சியகக் கூடத்தில் காப்பாளரும் ஊழியர்களும் கூடினார்கள். பறவைக்காரரிடம் மாமா உருண்டை வண்டுக் குப்பியை நீட்டினார். "இந்த வண்டு உங்க அறையில உண்டா?"

"பொட்டு வண்டா? என் அறையிலயா? இருக்கவே இருக்காது சார்!"

"நான் காட்டினது கறுப்பு வண்டாச்சே. பொட்டு எங்கேருந்து வந்துச்சு?"

பறவைக்காரர் குப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இந்த இனத்துக்கு உடம்பு மேல செதில் உண்டு. பொட்டெல்லாம் அந்தச் செதில்தான். தேச்சா உதிர்ந்து வெறும் கறுப்பாயிடும். பட்டறை வண்டு மாதிரி இருக்கட்டும்னு தேச்சிருக்கீங்க. கொம்புப் பள்ளத்துக்குள்ள உங்க தூரிகை போகலை, அங்க செதில் தங்கிடுச்சு. அது பொட்டு வண்டுன்னு தேச்சவருக்கு மட்டும்தானே தெரியும்?"

அதற்குள் மாப்பிள்ளை பறவை அறைக்கு ஓடி, ஆந்தையின் இறக்கையிலிருந்து பளபளவென்று பொட்டு வண்டுகளை அள்ளி வந்துவிட்டான். என்ன அழகு! பறவைக்காரர் உடைந்துபோனார். "என் பறவைகள்லேருந்துதான் புழு கம்பளத்துக்குப் பரவுச்சு. வேலை போயிடும்னு பயந்துட்டேன்."

காப்பாளர் நெளிந்தார். "உள்ள வாங்கம்மா, தனியாப் பேசிக்கலாம்."

"உள்ள எதுக்கு?" என்றாள் அம்மாள். "பழி போட்டது இந்தக் கூடத்துல. இங்கேயே சொல்லுங்க."

காப்பாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இவங்க மேல எந்தத் தப்பும் இல்லை" என்றார்.

அந்த அம்மாள் திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தாள்.

"பின்னாடி நிக்கிறவங்களுக்குக் கேக்கலையாம் சார்."