ஐந்து நிமிடத்தில் திருப்பி அழைக்கப்படும்

பூட்டுக்காரரின் பலகையில் கடைப் பெயர் சின்னதாகத்தான் இருக்கும். அதற்குக் கீழே ஒரு தொலைபேசி எண். எண்ணுக்குக் கீழே, தெருமுனையில் வருகிறவரும் படிக்கும்படி சிவப்பு எழுத்தில் ஒரு வரி: ‘மிஸ்டு கால் கொடுங்கள். ஐந்து நிமிடத்தில் திருப்பி அழைக்கப்படும்.’

அது மிஸ்டு கால்களின் காலம். பேசினால் காசு. ஒரு மணி அடித்துவிட்டு வைத்தால் காசில்லை. அதனால் ஊரே ஒருவருக்கொருவர் மணி அடித்துவிட்டு வைத்துக்கொண்டிருந்தது. ‘வந்து சேர்ந்துவிட்டேன்’ என்றால் ஒரு மணி. ‘வரும்போது பால் வாங்கி வா’ என்றால் இரண்டு மணி.

சாவியைத் தொலைத்துவிட்டு வாசலில் நிற்பவர்கள் பூட்டுக்காரருக்கு ஒரு மணி அடிப்பார்கள். சாப்பிட்டுக்கொண்டிருந்தால் அவர் இடது கையால் திருப்பி அழைப்பார். முடிவெட்டிக்கொண்டிருந்தால் பாதித் தலையோடு அழைப்பார். பதினோரு வருடத்தில் அந்தச் சிவப்பு வரி ஒரு நாளும் பொய்யானதில்லை.

அவருடைய சின்ன மகளுக்கு வயது பத்து. ஆள் சிறியவள். ஆனால் ஒன்றைப் பிடித்தால் விடமாட்டாள். அதனால் வீட்டில் அவளுக்குத் திருகாணி என்று பெயர்.

பெரிய மகள் வேலை கிடைத்து வெளியூர் போயிருந்தாள். ஆறு மாதப் பயிற்சி முடிந்து வந்த முதல் சம்பளத்தில் அப்பாவுக்கு ஒரு டச் போன் வாங்கி அனுப்பினாள். தெருவில் அப்போது மொத்தமே நான்கு டச் போன்கள்தான் இருந்தன.

அப்பா கையைத் துடைத்துக்கொண்டு அதை வாங்கினார். பழைய பட்டன் போனில் ஐந்தாம் எண் தேய்ந்து மறைந்திருந்தது. அதை ஒரு துணியில் சுற்றிக் கருவிப் பெட்டிக்குள் வைத்தார்.

“என் பொண்ணு குடுத்தது. இனிமே இதுதான்” என்றார்.

எதிர்க்கடை ரீசார்ஜ் அக்கா பழைய சிம்மின் ஓரத்தை வெட்டிச் சின்னதாக்கிப் புதுப் போனில் போட்டுக் கொடுத்தாள். வெட்டிய ஓரத்தைக்கூட அப்பா விடவில்லை. எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். எதையும் தூக்கிப் போடும் பழக்கம் அவருக்குக் கிடையாது.

“அண்ணே, டச் போனுக்கு வெறும் பேச்சு பேலன்ஸ் மட்டும் போட்டாச் சரிப்படாது. நெட் பேக்கும் போடணும். கம்பெனி ரூல்” என்றாள் அக்கா.

“நான் நெட்டே பாக்கறதில்லையே. எதுக்கு?”

“நீங்க பாக்கலன்னாலும் போடணும்ணே.”

“கதவு வாங்க வந்தவன்கிட்ட ஜன்னலையும் வாங்குன்னு சொல்ற மாதிரி இருக்கு. எனக்கு வேண்டாததுக்கு நான் காசு குடுக்கறதில்ல.”

“உங்க சிம் பழசு. புது சிம்முக்குத்தான் அந்த ரூல், அதனால என்னால கட்டாயப்படுத்த முடியாது. பின்னால வந்து என்னைச் சொல்லக் கூடாது.”

அப்பா பேச்சு பேலன்ஸ் மட்டும் போட்டுக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தித் தெருவைக் கடந்தார்.

அன்று மதியம் நல்ல மழை. போன் ஒரு தடவை மணி அடித்து நின்றது. இரண்டு தெரு தள்ளியிருக்கும் தையல்கார அம்மாவின் எண். அப்பா உடனே திருப்பி அழைத்தார். ‘உங்கள் கணக்கில் போதிய இருப்பு இல்லை’ என்றது ஒரு பெண் குரல்.

“காலையிலதானே போட்டேன்? இன்னும் ஒருத்தர்கிட்டயும் பேசலையே” என்றார் அப்பா அந்தக் குரலிடம். அது சொன்னதையே சொன்னது.

ரீசார்ஜ் கடை சாப்பாட்டுக்காகப் பூட்டியிருந்தது. அது திறந்து, பேலன்ஸ் போட்டு, அழைப்பதற்குள் தையல்கார அம்மாவே நனைந்துகொண்டு கடைவாசலுக்கு வந்துவிட்டார்.

“பூட்டுக்காரரே, சாயந்தரம் குடுக்கவேண்டிய கல்யாணத் துணி மொத்தமும் உள்ளே கிடக்கு. ஒரு மணி நேரம் வாசல்ல நின்னேன். உங்க கடிகாரத்துல அஞ்சு நிமிஷம்னா அறுபதா?”

அப்பா கருவிப் பெட்டியை எடுத்தார். போய்ப் பூட்டைத் திறந்துவிட்டார், கூலி வாங்கவில்லை. திரும்பி வந்தவர் பலகையை அண்ணாந்து பார்த்தபடி நெடுநேரம் நின்றார்.

“யாரோ என் போனை எடுத்துப் பேசியிருக்காங்க” என்றார் அன்றிரவு வீட்டில், திருகாணியின் அம்மாவிடம்.

“கடையில நீங்களும் திருகாணியும்தானே இருந்தீங்க?”

“நான் எடுக்கலப்பா” என்றாள் திருகாணி அவசரமாக.

“உன்னைச் சொல்லல. நம்ம வீட்டுப் பிள்ளைங்க அப்படிச் செய்யாது. அதான் எனக்குப் புரியல.”

ஞாயிற்றுக்கிழமை அப்பா ஒரு வேலை செய்தார். பூட்டுக்காரர் மட்டுமே செய்யக்கூடிய வேலை அது. பேலன்ஸ் போட்ட போனைக் கண்ணாடி அலமாரிக்குள் வைத்து, அங்கே காட்சிக்கு வைத்திருந்த, தன் கையால் செய்த ஏழு லீவர் பூட்டைப் போட்டுப் பூட்டினார். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். அலமாரிக்கு முன்னால் ஒரு முக்காலி போட்டு மகளை உட்கார வைத்தார்.

“யாராச்சும் கிட்ட வந்தா கூப்பிடு.”

“நீங்க கிட்ட வந்தா?”

“என்னையும் கூப்பிடு.”

திருகாணி முகத்தைக் கைகளில் ஏந்திக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தாள். யாரும் வரவில்லை. ஒரு பல்லி வந்தது, பூட்டைப் பார்த்துவிட்டுப் போய்விட்டது.

அப்போதுதான் திரை தானாக வெளிச்சமானது. மேல் மூலையில் கடுகளவு இரண்டு அம்புகள். ஒன்று மேலே, ஒன்று கீழே. மாறி மாறி மினுக்கின. திரையில் மேகப் படம் போய்ச் சூரியன் படம் வந்தது. பிறகு இருண்டது. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் அம்புகள்.

மாலையில் அப்பா பூட்டைத் திறந்து பேலன்ஸ் பார்த்தார். பூஜ்யம்.

அவர் முகம் வெளுத்துவிட்டது. போனை ஓரமாக வைத்தார். பூட்டைத்தான் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“என் பூட்டை யாரோ திறந்து மூடியிருக்கான். ஒரு கீறல்கூட இல்ல.”

பிறகு ஏணியை எடுத்துப் பலகையின்மேல் சாய்த்தார். வெள்ளைப் பெயின்ட் டப்பாவையும் தூரிகையையும் எடுத்துக்கொண்டு ஏறினார்.

“காப்பாத்த முடியாத வார்த்தை பலகையில இருக்கக் கூடாது.”

“அப்பா, அழிக்காதீங்க. எனக்கு அஞ்சு நிமிஷம் குடுங்க.”

“எதுக்கு?”

“பலகையில அவ்வளவுதானே போட்டிருக்கு?”

அப்பாவின் தூரிகை நின்றது. திருகாணி தெருவைக் கடந்து ஓடினாள்.

“அக்கா, யாரும் தொடாமலே டச் போன் ரெண்டு அம்பு காட்டுதே, அது என்ன?”

ரீசார்ஜ் அக்கா சிரித்தாள். “அதுவா? அது நெட்டுல போய்ட்டு வருது. பட்டன் போன், நாம பேசினாத்தான் பேசும். டச் போனுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. மழை வருமா, மெயில் வந்துச்சா, புதுசா என்ன இருக்குன்னு அதுபாட்டுக்குக் கேட்டுக்கிட்டே இருக்கும். நெட் பேக் இல்லன்னா அந்தச் செலவெல்லாம் பேச்சு பேலன்ஸ்ல கை வைக்கும், அதுவும் பல மடங்கு. எல்லாரும் என் காசு எங்கேன்னு சண்டைக்கு வந்தாங்க. அதான் டச் போன்னா பேக் கட்டாயம்னு கம்பெனி சொல்லிடுச்சு. அதுல கம்பெனிக்கும் நல்ல லாபந்தான், இல்லன்னு சொல்லமாட்டேன்.”

“இதை எங்கப்பாகிட்ட சொல்லியிருக்கலாமே?”

“எங்க சொல்லவிட்டாரு? ஜன்னல் வேண்டாம்னு போய்ட்டாரே.”

திருகாணி ஒரு நொடி யோசித்தாள். “பழைய போன்லயே சிம்மைப் போட்டா?”

“பத்துப் பைசா வீணாகாது. ஆனா உங்கக்கா வருத்தப்படுவாளே?”

அதுதான் சிக்கல் என்று திருகாணிக்கும் தெரியும். அக்காவின் மனம் கோணும் என்றால் அப்பா பலகையையே அழிப்பார், பழைய போனைத் தொடமாட்டார்.

ரீசார்ஜ் அக்காவின் போனிலிருந்து வெளியூரில் இருக்கும் தன் அக்காவுக்கு ஒரு மணி அடித்தாள். வைத்த கையோடு மணி திரும்ப வந்தது. பூட்டுக்காரர் வீட்டுப் பிள்ளை அல்லவா.

நடந்ததை எல்லாம் கேட்டுவிட்டு அக்கா சொன்னாள். “அட லூசு, நான் அதைக் கடைக்கா குடுத்தேன்? அப்பா முகத்தைப் பாத்துப் பேசணும்னு குடுத்தேன். எட்டு மாசமாச்சுடி அவரைப் பாத்து.”

திருகாணி திரும்பி வந்தபோது அப்பா ஏணியில்தான் இருந்தார். கடிகாரத்தைப் பார்த்தார். நான்கரை நிமிடம்.

“உங்க பூட்டை யாரும் திறக்கலப்பா” என்றாள் அவள் மூச்சு வாங்க. “வெளியில இருந்து ஆள் வரவே இல்ல. உள்ளே இருந்த போனே காசை எடுத்து எடுத்து வெளிய குடுத்துடுச்சு.”

அம்புகளைப் பற்றிச் சொன்னாள். நெட் பேக்கைப் பற்றிச் சொன்னாள். தன் அக்கா சொன்னதைக் கடைசியாகச் சொன்னாள்.

அப்பா மெல்ல இறங்கினார். முதலில் ஏழு லீவர் பூட்டை எடுத்துத் துடைத்து, கண்ணாடிக்குப் பின்னால் அதன் இடத்தில் வைத்தார். பிறகு துணியைப் பிரித்துப் பழைய போனை எடுத்தார். சட்டைப் பையைத் தடவினார். வெட்டிய ஓரம் பத்திரமாக இருந்தது. புதுப் போனிலிருந்து சிம்மை எடுத்து அதற்குள் பொருத்திப் பழைய போனில் வைத்தார். சாவித் துவாரத்தில் சாவி உட்காருவதுபோல் கச்சிதமாக உட்கார்ந்தது.

பிறகு அவரே எதிர்க்கடைக்குப் போனார்.

“புதுப் போனுக்கு ஒரு புது சிம் குடும்மா. நெட் பேக்கும் போடு.”

“ஜன்னல் வேண்டாம்னீங்களே அண்ணே?”

“வேண்டாததுக்குத்தான் குடுக்கமாட்டேன்னேன். இதுல என் பொண்ணு தெரிவா.”

அடுத்த ஞாயிறு அப்பா தலையை வாரி, கழுத்துப் பட்டன் வரை போட்டு, ஃபோட்டோவுக்கு உட்காருவதுபோல் விறைப்பாக உட்கார்ந்தார். மணி அடித்ததும் பழக்கத்தில் போனைக் காதில் வைத்தார்.

“அப்பா, உங்க காது மட்டும்தான் தெரியுது” என்றது அக்காவின் குரல். “காதோரம் நரைச்சிடுச்சே.”

திருகாணி போனைத் திருப்பிப் பிடித்தாள். இந்தப் பக்கம் அப்பா. அந்தப் பக்கம் அக்கா.

“கொஞ்சம் நகருங்கப்பா” என்றாள் அக்கா. “பின்னாடி சாவி மாட்டுற சுவர் தெரியணும்.”

அப்பா நகர்ந்தார். ஆணிகளில் வரிசையாகத் தொங்கும் சாவிகளை அக்கா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அப்போது மேசைமேல் பழைய போன் ஒரு தடவை மணி அடித்து நின்றது.

அப்பா எழுந்தார். “அஞ்சு நிமிஷத்துல வர்றேம்மா” என்றார் பெரிய மகளிடம்.

“தெரியும்பா” என்றாள் அவள்.

வாசலில் அந்தச் சிவப்பு வரி பளபளத்தது. அப்பா முதல்நாள்தான் அதன்மேல் புதிதாகச் சிவப்பு பூசியிருந்தார்.