குருட்டு பல்பு

மதியம் மூன்று மணிக்கு என் மைத்துனனின் ஒர்க்‌ஷாப்புக்குப் போய்ச் சேர்ந்தேன். வானம் இருட்டிக்கொண்டு வந்தது. ஈரத் துருவும் பழைய ஆயிலும் கலந்த வாடை. முற்றத்தின் கோடியில், பின்சுவரிலிருந்து நாலடி தள்ளி, பதினேழாம் நம்பர் ட்ரெய்லர் நின்றது. மறுநாள் காலை விசாரணை அதிகாரி அதைப் பார்க்க வருகிறார். அதற்குள் அதன் இடது பின்விளக்கில் ஒரு நிஜமான பல்பு ஏறியாக வேண்டும். இல்லாவிட்டால் நானும் அவனும் கம்பி எண்ண வேண்டியதுதான்.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். கம்பெனி ட்ரெய்லர்களில் எந்த விளக்கு அணைந்தாலும் என் கம்ப்யூட்டரில் ஓர் எச்சரிக்கை வரும். வெளி ஒர்க்‌ஷாப்காரர் அதைச் சரிசெய்து போட்டோ அனுப்புவார். நான் சரிபார்த்து 'முடிந்தது' என்று மூட வேண்டும். அந்த வெளி ஒர்க்‌ஷாப்காரன் என் மனைவியின் தம்பி. வேலையை யார் வாங்கிக் கொடுத்தது என்று கேட்காதீர்கள்.

பதினேழின் இடது விளக்கு வாரம் தவறாமல் அணைந்தது. மூன்று தடவை பல்பு மாற்றினான். நான்காவது தடவைக்குப் பிறகு எச்சரிக்கை அடியோடு நின்றது. அவன் அனுப்பிய போட்டோவில் இருந்த சக்கரம் வேறு வண்டியுடையது. அதெல்லாம் என் கண்ணுக்குத் தப்பாது. கூப்பிட்டுக் கேட்டேன்.

"குருட்டு பல்பு போட்டுட்டேன் மாமா. கரண்டு இழுக்கும், வெளிச்சம் வராது. உங்க மெஷினுக்குக் கண்ணா இருக்கு? கரண்டு போனா எரியுதுன்னு நெனச்சுக்கும்."

அவன் சிரித்தான். நானும் சிரித்துவிட்டு 'முடிந்தது' என்று மூடினேன்.

இடது விளக்கு இல்லாமல் வலது மட்டும் எரிந்தால், இருட்டில் பின்னால் வருகிறவனுக்கு அது முன்னால் போகும் ஒரு பைக். இடப்பக்கம் நிறைய இடம் இருக்கிறது என்று நினைப்பான். மழை பெய்த ஒரு சாயங்காலம், பதினேழுக்குப் பின்னால் வந்த ஒரு பிளம்பர் அப்படித்தான் நினைத்தார். மறுநாள் பகலில்தான் அவருடைய ஸ்பேனரையெல்லாம் ரோட்டிலிருந்து பொறுக்கினார்கள்.

எட்டு நாள் கழித்து அவர் மனைவி என் ஆபீசுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அவர் தூங்கிக்கிட்டே ஓட்டினாருன்னு சொல்றாங்க சார். பையன் கேக்குறான், என்னால பதில் சொல்ல முடியல. உண்மையச் சொல்லுங்க. அந்த லைட்டு எரிஞ்சுதா?"

"எரிஞ்சுதும்மா," என்றேன்.

கதவுவரை போய்த் திரும்பிப் பார்த்தார்.

"உங்க வாயால சொல்லிட்டீங்க. போதும் சார்."

அன்றிலிருந்து பதினேழின் எச்சரிக்கை மறுபடியும் வர ஆரம்பித்தது. 'இடது பின்விளக்கு எரியவில்லை.' இழுக்கும் முன்வண்டியைக் கழற்றிவிட்டதால், ஒரு சொட்டு கரண்டு இல்லாமல் நின்ற ட்ரெய்லரிலிருந்து தினமும் வந்தது. நான் தினமும் மூடினேன்.

இனி அந்த மதியம். நெட்டை என்று எல்லோரும் கூப்பிடும் டிரைவர் முன்வண்டியை மாட்டி, எஞ்சினை ஓடவிட்டு, டீ குடிக்கப் போயிருந்தான். விளக்கு பார்க்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பிரேக்கை மிதிப்பார், மற்றவர் பின்னால் நின்று சொல்லுவார். நான் கேபினில் ஏறி மிதித்தேன்.

"எரியுது," என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

இறங்கிப் போனேன். மைத்துனன் சுவருக்கும் ட்ரெய்லருக்கும் நடுவில் குந்தியிருந்தான். அவன் கையில் புது பல்பு இருந்தது. விளக்குக்கூடு திறந்து காலியாகக் கிடந்தது.

"இன்னும் மாட்டவே இல்லையே மாப்ள. எதுக்கு எரியுதுன்னே?"

"நான் எங்க சொன்னேன்? நீங்கதானே மாமா கத்துனீங்க?"

மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். என் பயத்தை அவனிடம் காட்டாமல், ரிப்பேர் சீட்டை எழுதுகிறேன் என்று ஆபீஸ் ரூமுக்குள் போனேன். மழை தகரக் கூரையில் இறங்கியது. நெட்டை தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஓடிவந்து கேபினில் ஏறுவது ஜன்னல் வழியே தெரிந்தது. தேதியை எழுதினேன்.

அப்போது வெளியே ஒரு குரல் கேட்டது.

"வரட்டும்… வரட்டும்…"

வண்டியைப் பின்னால் எடுக்கச் சொல்கிற குரல். அவசரமே இல்லாத, பழகிய குரல்.

அது என் குரல்.

என் வாய் மூடியிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, பேனாவைப் பிடித்தபடி, நான் பேசுவதை நானே கேட்டுக்கொண்டிருந்தேன்.

"வரட்டும்… இன்னும் இடம் இருக்கு…"

"மாமா, நான் இங்கதான் இருக்கேன். போதும்னு சொல்லுங்க மாமா."

கத்த நினைத்தேன். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. இப்போதும் அதற்காக என்னை நான் மன்னிக்கவில்லை.

"வரட்டும்."

"மாமா…"

சுவர் இடிபடும் சத்தம் பெரிதாக இல்லை. அதற்கு முன்னால் கேட்டது ஈரமான ஒரு சத்தம். அதைப் பற்றி எழுத மாட்டேன்.

நெட்டை கண்ணாடியில் என்னைப் பார்த்ததாகவே போலீசில் சொன்னான். "சார்தான் பின்னாடி மழையில நின்னு கையைக் காட்டினாரு. அவரு சொல்லித்தான் எடுத்தேன்." பக்கத்துப் பட்டறையில் இருந்த இருவரும் என் குரலைக் கேட்டிருந்தார்கள். என் சட்டையில் ஒரு சொட்டு மழைகூடப் படவில்லை என்று நான் சொன்னதை யாரும் எழுதிக்கொள்ளவில்லை.

அடக்கம் முடிந்து இன்றைக்கு மூன்றாம் நாள். சொந்தக்காரர்கள் போய்விட்டார்கள். மனைவி இத்தனை நாளும் என்னோடு பேசவில்லை. ஒரே தம்பி, அவளே தூக்கி வளர்த்தவன். இப்போது வந்து எதிரே உட்கார்ந்தாள். அழுது அழுது கண் வீங்கியிருந்தது. அவளாவது என்னை நம்ப வேண்டும். வேறு எதுவும் எனக்கு வேண்டாம்.

"ஊர் ஆயிரம் சொல்லட்டுங்க. நான் உங்களை நம்புறேன். எனக்கு மட்டும் உண்மையச் சொல்லுங்க. அந்த வண்டியை வரச்சொன்னது நீங்களா?"

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

சத்தம் வரவில்லை. என் நாற்காலிக்குப் பின்னால் இருந்தது வெறும் சுவர். அங்கிருந்து என் குரல், கொஞ்சமும் அவசரமில்லாமல், அவளுக்குப் பதில் சொன்னது.

"ஆமாம்மா. நான்தான்."