குறுக்குக் காற்று

சாத்திவிட்டுப் போன ஜன்னல் மறுபடியும் திறந்திருந்தது.

நெவென்கா தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு அலுப்போடு அதைப் பார்த்தாள். குளிர்காலம் முழுக்கத் தங்கை டோன்காவின் நிமோனியாவுக்குக் காவலாகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு விழித்திருந்தவளுக்கு, அத்ரியாடிக் கரையில் மாளிகையாக இருந்து சொகுசு ஓட்டலாகிவிட்ட இந்த இடத்தில் ஒரு மதியமாவது நிம்மதியாகத் தூங்கினால் போதும் என்றிருந்தது. டோன்கா கட்டிலில் கண்ணயர்ந்திருந்தாள். கடலிலிருந்து வந்த தென்காற்று உப்பையும் அழுகிய பாசி வாடையையும் அள்ளிக்கொண்டு ஜன்னலில் நுழைந்து, அவள் மார்பின் மேலாகவே கடந்து, எதிரே தோட்டத்துக் கதவு வழியாக வெளியேறியது. குறுக்குக் காற்று. அந்தக் கரையில் பிறந்தவர்கள் கழுத்துப் பிடிப்பிலிருந்து சாவு வரை எல்லாப் பழியையும் அதன் தலையில்தான் போடுவார்கள்.

துண்டுகளோடு வந்த பணிப்பெண் மிர்னா வாசலிலேயே நின்றாள்.

"அந்த ஜன்னலைச் சாத்தாதீங்க மேடம். இந்த ரூம்ல யாரும் சாத்த மாட்டோம்."

"என் தங்கச்சி இப்பத்தான் நிமோனியாலேருந்து எழுந்திருக்கா. குறுக்குக் காத்து அடிச்சா என்ன ஆகும்னு உங்கம்மா சொல்லித் தரலையா?"

"சொல்லியிருக்காங்க. வீட்ல நானும் சாத்துவேன். ஆனா ஓட்டலாகுறதுக்கு முன்னாடி இங்க காசநோய்க்காரங்களை வச்சிருந்தாங்க. நெறைய பேரு மூச்சு முட்டிச் செத்தாங்க. அவங்களுக்குக் காத்து வேணும்."

"எனக்குத் தூக்கம் வேணும்மா."

மிர்னா துண்டுகளை நீட்டிவிட்டுப் போனாள். நெவென்கா ஜன்னலைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். தோட்டத்துக் கதவையும் பூட்டினாள். அலைச் சத்தம் நின்றது. அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்து தங்கையின் மூச்சைக் கேட்டாள். குளிர்காலம் முழுக்கக் கேட்டுப் பழகிய அந்தக் கரகரப்பு ஏறியது, இறங்கியது, அதற்கு ஒத்தாற்போல் இன்னொன்று சுவரோரத்தில், பிறகு கட்டிலுக்கு அந்தப் பக்கம், பிறகு தன் நாற்காலிக்குப் பின்னால்.

அறை புழுங்கியது. மருந்து நெடி. பழைய இரத்த வாடை.

ஜன்னல் கண்ணாடியில் ஓர் ஆவித் திட்டு. வாய் அளவு. உள்பக்கம். பக்கத்தில் இன்னொன்று. இன்னொன்று.

பயத்தில் தடுமாறி எழுந்து தாழ்ப்பாளை இழுத்தாள். அசையவில்லை. கதவும் அப்படியே.

"டோன்கா. எழுந்திரு கண்ணு."

கரகரப்பு மட்டும் அறை முழுக்க. கைப்பையிலிருந்த முகம் பார்க்கும் சிறு கண்ணாடியை எடுத்துத் தங்கையின் உதட்டருகே பிடித்தாள்.

ஜன்னலில் திட்டுகள் விரிந்தன. சுருங்கின. விரிந்தன.

கையிலிருந்த கண்ணாடி மட்டும் ஆவி படியாமல் தெளிவாகவே இருந்தது.