முச்சந்தி வரைக்கும்

அந்தச் செருமலை யுவனேஸ்வரி பாட்டுப் பதிவிலிருந்து மறுபடியும் வெட்டினாள். தப்பு மேளம் ஒரு சுற்று முடியும் இடத்தில் யாரோ தொண்டையைச் செருமுகிறார்கள். காலையில் கேட்டபோது அது இல்லை. வெட்டிச் சேமித்து முதலிலிருந்து ஓட விட்டால், அதே இடத்தில் அதே செருமல், இந்த முறை இன்னும் கொஞ்சம் கிட்டத்தில். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தேயிலைச் செடியைக் கட்டையாக வெட்டிவிடும் வேலைக்குக் கவ்வாத்து என்று பெயர். அதையே தங்கள் ராக் குழுவுக்கும் வைத்திருந்தார்கள். அவள் ட்ரம்ஸ், லிங்கேஸ்வரன் கிட்டார், விஜயன் பேஸ். கோலாலம்பூர் இசை விழாவுக்குப் போன வருடம் பாட்டு அனுப்பியதற்கு, எல்லாரையும் போலத்தான் வாசிக்கிறீர்கள் என்று பதில் வந்தது. இந்த வருடமும் இடம் கிடைக்காவிட்டால் லிங்கேஸ்வரன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விடுவான், குழு அத்தோடு முடிந்தது. பாட்டு அனுப்ப நாளைக் காலைதான் கடைசி.

இந்தத் தடவை யாரும் அப்படிச் சொல்லிவிடக் கூடாது என்றுதான் அவள் அந்த மேளத்தை எடுத்தாள். பக்கத்து வீட்டு சுப்பிரமணியம் இறந்த அன்று எடுத்தது. எஸ்டேட் லோரி ஓட்டியவர், இவர்கள் வாசிக்கத் தொடங்கினாலே செருமிக்கொண்டு நடுச்சுவரைத் தட்டி உயிரை வாங்கியவர். அவர் பாடைக்கு முன்னால் தப்படிக்கும் கந்தன் செட்டு அடித்த அடியைக் கேட்டதும், துக்க வீடு என்றும் பாராமல் போனை நீட்டிப் பதிவு செய்துகொண்டே முச்சந்தி வரை நடந்தாள். அங்கே பாடையை இறக்கிப் பெண்களைத் திரும்பச் சொன்னார்கள். அதற்கு மேல் பெண்கள் போவதில்லை. அவளும் போனை அணைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். வாசலிலிருந்து முச்சந்தி வரைக்குமான அந்த அடியைத்தான், முடிந்த உடனே திரும்பத் தொடங்கும்படி ஒட்டி, கிட்டாருக்கு அடியில் போட்டிருந்தாள்.

போன் அடித்தது. லிங்கேஸ்வரன்.

"அனுப்பிட்டியா இல்லையா?"

"ஒரு செருமல் போக மாட்டேங்குது லா."

"விட்டுத் தொலை. யாரு கேக்கப் போறா?"

"எனக்குக் கேக்குதே."

"உனக்கு எப்பவும் ஏதாச்சும் கேக்கும். எனக்கு வெறுத்துப் போச்சு யுவா. அனுப்பு."

வைத்துவிட்டான். மழை விட்ட மாலையில் சரிவுகளிலிருந்து எழுந்த பனி லயத்து வீட்டு வரிசையின் முற்றத்தை மூடி, கதவிடுக்கில் நுழைந்து தரையோடு தரையாகப் பரவியது. ஈரத் தேயிலையின் பச்சை வாடைக்குள், ஊதுபத்தியும் மிதிபட்ட சாமந்தியும் சேர்ந்த இன்னொரு வாடை மெல்லக் கலந்தது. கியா பார்ம் சந்தைக் கடை வேலைக்குப் போன அம்மா இன்னும் வரவில்லை. இந்த வாடை எங்கிருந்து வருகிறது என்று எரிச்சலோடு யோசித்தபடியே அவள் ஹெட்போனைக் கழற்றினாள்.

மேளம் நிற்கவில்லை.

ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கினாள். லேப்டாப்பை அறைந்து மூடினாள். பக்கத்து வீட்டு வாசலிலிருந்து மேளமும் காலடிகளும் கிளம்பி, அவள் ஜன்னலைக் கடந்து, சரளைக் கல் நெரிபட மேட்டில் ஏறி, முச்சந்திப் பக்கம் தேய்ந்தன. அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் ஒரு செருமல். உடனே பக்கத்து வீட்டு வாசலில் மறுபடியும் தொடங்கியது. யாரும் திரும்பி வந்த சத்தமே இல்லை.

தப்புக்காரர் கந்தனைப் போனில் கூப்பிட்டாள்.

"கந்தண்ணே, முச்சந்திக்கு அப்புறம் என்ன அடி அடிப்பீங்க?"

"அத நீ எதுக்கும்மா கேக்குற?"

"சொல்லுங்கண்ணே, அவசரம்."

"பாடையத் திருப்பி வெச்சதும் அடி மாத்துவோம். சுடுகாட்டுல போய் நிறுத்துவோம். அப்பதான் ஆளு போய்ச் சேருவாரு. பொம்பளைங்க அதக் கேக்கறதில்ல." ஜன்னலுக்கு வெளியே மேளம் மறுபடி மேட்டில் ஏறியது. "யாரும்மா அங்க அடிக்கிறது? நான் பிரிஞ்சாங் டவுன்ல இருக்கேன். என் செட்டு ஆளுங்க எல்லாம் என்கூடத்தான் இருக்காங்க. யாரு வீட்டுச் சாவு?"

லைன் அறுந்தது. மறுபடி போட்டாள். கிடைக்கவில்லை.

இந்த முறை மேளம் பக்கத்து வீட்டில் தொடங்கவில்லை. அவள் வீட்டு வாசலில் தொடங்கியது.

ட்ரம்ஸ் முன்னால் போய் விழுந்தாள். முடிக்க வேண்டும். எப்படியாவது இதை முடித்துத் தொலைக்க வேண்டும். வேகமாக ஓர் அடி அடித்துப் பார்த்தாள். கதவுத் தாழ்ப்பாள் விலகியது. மெதுவாக ஒன்று. கதவு திறந்தது. அவளுக்குத் தெரிந்த முடிவுகளை எல்லாம் அடித்தாள். எதுவும் அது இல்லை. அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. இத்தனை வருடம் அடித்துப் பழகிய கைக்கு, ஆண்கள் மட்டும் கேட்கும் ஒரே ஓர் அடி தெரியவில்லை.

கை ஓய்ந்தது.

வெளியே மேளமும் ஓய்ந்தது.

பனிக்குள் நாலு தோள்கள். தோள்களுக்கு மேல் தலை இல்லை, பனிதான். அவற்றின் மீது பாடை, கால் பக்கம் அவளைப் பார்த்து. நிலைப்படியைத் தாண்டி ஓர் எட்டு உள்ளே வந்தது.

அவள் தெரிந்த அடியையே அடித்தாள். வாசல் முதல் முச்சந்தி வரைக்கும். பாடை நின்றது.

குச்சியை இறக்கினாள். இன்னோர் எட்டு.

அடித்தாள். நின்றது.

மேட்டுப் பாதையில் அம்மாவின் குரல் கேட்டது. "யுவா, யாரு வீட்டுலடி மேளம்?"

கை நிற்கக் கூடாது. தோள்பட்டை எரிந்தது. குச்சி வழுக்கியது. திரும்ப முதலிலிருந்து. திரும்ப முதலிலிருந்து. அவள் முகத்துக்கு நேராக, வெள்ளைத் துணியால் சேர்த்துக் கட்டிய இரண்டு கால் கட்டைவிரல்கள், அவள் அடிக்கு அடி தாளம் போட்டுக்கொண்டிருந்தன.